குரங்கின் ஆங்கிலப் பயணம்: 'சீ யூ ஜீ' நாவலின் மறுகூறல்கள் பற்றிய ஒரு நோக்கு

சீனத்துப் பழங்கதைகளுள் ஆங்கில வாசகர் பெரிதும் அறிந்த ஒன்று 'சீ யூ ஜீ', அதாவது 'மேற்குப் பயணம்', என்னும் நாவலாகும். நூறு அத்தியாயங்கள் கொண்ட இந்நாவலின் மிகப் பழைய பதிப்பாக நமக்குக் கிடைப்பது 1592இல் நான்கிங்கில் அச்சானது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. வூ செங்-என் என்பாரே ஆசிரியர் என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டில் ஹூ ஷீ, லூ சுன் ஆகியோரின் ஆய்வுகளால் நிலைபெற்றது. ஏழாம் நூற்றாண்டிலே பௌத்த நூல்களை நாடி இந்தியா வந்த யுவான் சுவாங்கின் யாத்திரையே கதையின் வித்து. (காஞ்சிபுரம் வரை வந்த அவர், ஈழத்தில் மன்னன் இறந்து பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாகப் பிக்குகள் வாயிலாகக் கேட்டுக் கடல் கடவாது திரும்பினார் என்பது நம்மவர்க்கு ஆர்வமூட்டும் செய்தி.) ஆயின் கதைசொல்லிகளின் நாவில் நூற்றாண்டுக்கணக்கில் வளர்ந்த கதையிலே துறவி பின்தள்ளப்பட்டார். அவருக்குத் துணைவந்த சுன் வூகொங் என்னும் குரங்கே நாயகனாயிற்று. அக்குரங்கு ஆங்கிலத்திற் புகுந்தபோது எவ்வெவ் வேடங்களைப் புனைந்தது என்பதனை ஈண்டு நோக்குவோம்.

வெல்ஷ் நாட்டவரான பப்டிஸ்ட் மிஷனரி திமொதி ரிச்சர்ட் 1913இல் ஷங்ஹாயில் வெளியிட்ட நூல் இதனைச் 'சுவர்க்கத்துக்கான தூது' எனப் பெயரிட்டு அழைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தாவோ துறவியொருவரை ஆசிரியராகக் கொண்ட ரிச்சர்ட், கதையினுள்ளே கிறிஸ்தவப் பொருளைக் கண்டார். 1930இல் ஹெலன் ஹேய்ஸ் வெளியிட்ட சுருக்கமோ பன்யனின் நூற்பெயரைக் கடன்வாங்கி, இதனைப் பௌத்தனின் மோட்சப் பிரயாணமாக்கிற்று. பன்யனை நமது கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'மாக்கியமை இவ்விடத்து நினைவுக்கு வரும். அங்கே அயற்கதை தமிழ்க் காப்பிய மரபை உடுத்தி வந்தது. இங்கோ சீனக்கதை ஆங்கிலேயர் ஏற்கெனவே வைத்திருந்த பெட்டியொன்றினுள் அடைக்கப்பட்டது.

இப்பெட்டியை உடைத்தவர் ஆதர் வேலி. சீன மண்ணை ஒருபோதும் மிதித்திராத இவ்வறிஞர் பிரித்தானிய நூதனசாலையிற் பணியாற்றியவாறே சீனமும் யப்பானியமும் தாமே கற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தகவல் அமைச்சிற் பணிபுரிகையில், 1942இல், 'குரங்கு' என்ற பெயரில் இந்நாவலை வெளியிட்டார். முன்னையோர் எல்லாச் சம்பவங்களையும் வைத்துக்கொண்டு உரையாடல்களை வெட்டினர். வேலி பல சம்பவங்களை முற்றாக விடுத்து, எடுத்துக்கொண்டவற்றை ஏறத்தாழ முழுமையாகவே தந்தார். நூறு அத்தியாயங்களில் முப்பது தேறின. செய்யுள்களிற் பெரும்பாலானவை போயின. முறை என்ற அளவில் இது சரியானதே என்பது எமது கருத்து. குரங்கு ஆங்கிலத்தில் முதன்முதலாக வாய்திறந்து பேசியது இந்நூலிலேதான்.

விண்ணுலகம் மண்ணுலக அரசாங்கத்தின் பிரதியே என்பதையும் வேலி தம் முன்னுரையிற் சுட்டிக்காட்டினார். குரங்குக்கு விண்ணுலகில் குதிரை லாயம் காக்கும் உத்தியோகம் வழங்கப்படுகின்றது. அது எத்தனையாவது தரம் என்று அது வினவ, தரத்திற் சேராத கடைநிலை உத்தியோகம் என விடைவருகின்றது. கலகம் அங்கேதான் மூளுகின்றது. முடிவிலே புத்தரின் சன்னிதியிலும் கையுறை கொடாதவர்க்கு எழுத்தில்லா வெற்றுச் சுவடிகளே கிடைக்கின்றன. துறவி தம் பொன் பிட்சாபாத்திரத்தை ஈந்த பின்னரே எழுதப்பட்ட சுவடிகள் வெளிவருகின்றன. மேலுலகத்து அதிகாரி வர்க்கத்தை இவ்வளவு நகைப்புக்கிடமாக்கிய நூல்கள் சிலவே. இவையனைத்தும் வேலியில் உள.

அவர் விட்டவற்றுள் ஒன்று 27ஆம் அத்தியாயம். வெண்ணெலும்புப் பேய் முதலில் உணவு சுமந்துவரும் இளம்பெண்ணாகவும், பின்னர் அவளைத் தேடும் தாயாகவும், தந்தையாகவும் வருகின்றது. குரங்கு மும்முறையும் இனங்கண்டு அடிக்கின்றது. துறவிக்கோ கொலையுண்ட அப்பாவிகளே கண்ணிற் படுகின்றனர். மந்திரம் ஓதிக் குரங்கின் தலைவளையத்தை இறுக்கி, விலக்கற் சீட்டும் எழுதிக்கொடுத்து அதனைத் துரத்திவிடுகின்றார். 56, 57ஆம் அத்தியாயங்களிலும் இவ்வாறே இரண்டாம் முறை துரத்துகின்றார். அவையும் வேலியில் இல்லை. விளைவு யாது? வேலியின் குரங்கு வானத்தை எதிர்த்துக் கலகஞ் செய்து தோற்கின்றது. அதன்பின் குருவோடு அவ்வப்போது பிணங்கினும் நல்ல சீடனாகவே நடக்கின்றது. நல்லெண்ணம் படைத்த தலைமையே நண்பனைப் பகைவனாகவும் பகைவனை நண்பனாகவும் மயங்கி, மெய்கண்டவனைத் துரத்துகின்ற அவலத்தை ஆங்கில வாசகன் காணவில்லை. வேலி இதனைத் திட்டமிட்டு நீக்கினார் எனக் கொள்வதற்கு ஆதாரமில்லை. ஆயினும் நகைச்சுவை நூலொன்றை நாடிய கை எதனைத் தள்ளிவைக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

சீனத்திலோ இவ்வத்தியாயமே அரசியலாயிற்று. இதனைத் தழுவிய இசைநாடகமொன்றைக் கண்ட குவோ மோ-ரோ 1961இல் கவிதையொன்று புனைந்து, துறவி கடுந்தண்டனைக்குரியவர் எனச் சாடினார். அதே ஆண்டு நவம்பரில் மாவோ எழுதிய மறுமொழிக் கவிதை, துறவி அறிவு மயங்கியவரேயாயினும் திருத்தப்படத்தக்கவர் எனவும், ஒழிக்கப்படவேண்டியது பேயே எனவும் கொண்டது. சோவியத்-சீனப் பிளவு முற்றிவந்த காலம் அது. பேய் எது, துறவி யார் என்பது வெறும் இலக்கிய வினாவாக இருக்கவில்லை. மாவோவின் கவிதையை ஆங்கிலத்திற் பெற்ற வாசகன், வேலியை வரிவரியாகக் கற்றிருப்பினும், அப்பேயை அங்கே கண்டிருக்க முடியாது.

முழு நாவலையும் செய்யுள்களோடு ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தனி யூ. நான்கு தொகுதிகள் 1977 முதல் 1983 வரை வெளிவந்தன. ஹொங்கொங்கிற் பிறந்த யூ, யப்பானியப் படையெடுப்புக் காலத்திலே தம் பாட்டனாரின் வாயிலாக இக்கதையைக் கேட்டு வளர்ந்தவர். பீக்கிங்கின் அந்நிய மொழிப் பதிப்பகமும் 1980களில் ஜென்னரின் முழு மொழிபெயர்ப்பை வெளியிட்டது. எனினும் நான்கு தொகுதிகளை வகுப்பறை தாங்கவில்லை. 2006இல் யூவே ஒற்றைத் தொகுதிச் சுருக்கமொன்றை வெளியிட நேர்ந்தது. 2021இல் ஜூலியா லவெல் வெளியிட்டதும் சுருக்கமே. ஆயினும் யூ, 2015இல் மறைவதற்கு மூன்றாண்டுகள் முன்னர், தம் நான்கு தொகுதிகளையும் மீண்டும் திருத்திப் பதிப்பித்தார். துறவி குரங்கை இருமுறை துரத்தும் அத்தியாயங்கள் அவற்றில் உள.