கடலைச் சரையும் ஹும்முஸும்

கடந்த ஆண்டு கோடையில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள தமக்கையார் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலைப்பொழுதில் அவருடைய பேரன் குளிர்பெட்டியிலிருந்து சிறு கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து என் முன்னே வைத்தான். வெளிர்மஞ்சள் நிறத்தில் மாவாய் அரைத்த விழுது. மேலே ஒலிவ எண்ணெய் மினுங்கியது. கரட் துண்டொன்றை அதில் தோய்த்துக் கடித்தபடியே, "தாத்தா, இது ஹும்முஸ். உங்கட ஊரிலை இது இருந்ததோ?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாய் உண்டதும் அந்தச் சொல் வெளிவரவில்லை. நாக்கு நன்கறிந்த சுவை அது. சிறுபராயம் முதல் நான் கொறித்து வந்த கடலையின் சுவை.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்துதல் நன்று. தமிழகத்தில் கடலை என்றதும் பலருக்கு நிலக்கடலையே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கச்சான் என்று பெயர். வெறுமனே கடலை என்றால் அது கொண்டைக்கடலையையே குறிக்கும். நிலக்கடலை தென்னமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியர் அக்கண்டத்தை அடைந்த பின்னரே கீழை நாடுகளுக்கு வந்தது. ஆகவே கடலை என்ற பெயருக்கு மூத்த உரிமை கொண்டைக்கடலைக்கே உண்டு. சிங்களத்திலும் அது 'கடல'தான். அரபு மொழியில் ஹும்முஸ் என்ற சொல்லின் பொருளும் கொண்டைக்கடலை என்பதே. கிண்ணத்தில் இருந்த பண்டத்தின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பித் தஹீனா', அதாவது எள்ளு விழுது சேர்த்த கடலை.

கொண்டைக்கடலை இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. அங்கிருந்து கிழக்கே வந்து இந்தியாவில் வேரூன்றியது. இன்று உலக விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. கடலையை அவித்து மசித்து உண்ணும் முறை 13, 14ஆம் நூற்றாண்டுகளின் எகிப்திய, சிரியச் சமையல் நூல்களில் காணப்படுகிறது. அந்தப் பண்டம் யாருடையது என்பதில் லெபனானும் இஸ்ரேலும் இன்றும் பிணங்குகின்றன. 2010 மே மாதத்தில் லெபனான் சமையற்காரர்கள் 10,452 கிலோ ஹும்முஸ் செய்து உலக சாதனை நாட்டினர். அந்நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீற்றர் என்பதால் தேர்ந்த கணக்கு அது.

பேரனின் கேள்விக்கு வருகிறேன். கடலை, எள்ளு, உள்ளி, தேசிக்காய், உப்பு. ஒலிவ எண்ணெய் ஒன்றைத் தவிர ஹும்முஸுக்கு வேண்டியவை எல்லாம் எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்தன. ஆயினும் கடலையும் எள்ளும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்ததில்லை. கோயிலின் நவக்கிரக மேடையில் மட்டும் அவை அருகருகே இருந்தன: கடலை வியாழனுக்குரிய தானியம், எள்ளு சனிக்குரியது. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எள்ளுப் பொட்டலத்தைத் திரியாக்கி நல்லெண்ணெயில் எரிப்போம். நீத்தாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்போம். எள்ளை வறுத்து உரலில் இடித்து எள்ளுப்பாகு செய்வதும் உண்டு. ஆனால் அது இனிப்பு. அம்மியில் உறைப்பாக அரைப்பதற்குத் தேங்காய்ச் சம்பல் இருந்தது. கடலையோ மென்று தின்பதற்குரியது.

அதைச் செய்யும் முறை எளிது. முதல்நாள் இரவு ஊறவைத்து, மறுநாள் உப்பிட்டு அவித்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டி, தேங்காய்ச் சொட்டுக் கலந்தால் ஆயிற்று. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் வீதியோரம் அது மணக்கும். பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுற்றிய சரையில் அள்ளிப் போட்டுத் தருவார்கள். பத்திரிகைத் தொழிலில் நான் சேர்ந்த புதிதில் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர், "தம்பி, கவனமாய் எழுதும், ஆனால் கர்வப்படாதையும். நாளைக்கு இது கடலைச் சரை" என்பார்.

அந்தச் சரைக்கும் ஒரு வரலாறு உண்டு. வடகீழ்ப் பருவமழையில் நனையும் எங்கள் குடாநாட்டில் கடலை விளைவதில்லை. அது வெளியிலிருந்து வர வேண்டிய தானியம். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு உணவு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்து உழவர் செழித்தனர். வெளியூர்த் தானியமோ கடைகளில் அருகியது. ஒரே கொள்கை தோட்டக்காரரை வாழவைத்துக் கடலைக்காரியின் கடகத்தை வெறுமையாக்கியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. மண்ணெண்ணெய் முதல் மின்கலம் வரை தடைப்பட்டன. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்தனர். அந்நீரில் உயிரிழந்தோர் பலர். அச்சுத்தாள் இன்மையால் பள்ளிக் கொப்பித் தாளில், கோடுகளின் மேலேயே, நாளிதழ்கள் அச்சாயின. ஒரு பிரதி பத்து வீடு சுற்றியது. சரை சுற்றக் கடதாசி இல்லை. சுற்றிக் கொடுக்கக் கடலையும் இல்லை. மாலைத் தேநீருக்குப் புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்தோம். வெளியிலிருந்து எதுவும் வராத நாளில் பனை ஒன்றே எங்களைக் கைவிடவில்லை.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது கடலை மூட்டைகளும் வந்தன. 2006 ஆகஸ்டில் அது மூடப்பட்டதும் பத்திரிகைகளின் பக்கங்கள் மீண்டும் சுருங்கின. போர் முடிந்த 2009க்குப் பின்னரே வீதி நிலையாகத் திறந்தது. ஒரு சரைக் கடலையின் வரலாறு பாதையின் வரலாறே என்று நான் கருதுவது இதனாலேயே.

சில நாள்கள் கழித்து, தமக்கையார் வறுத்த எள்ளை அரைத்துத் தர, நானும் பேரனும் அவித்த கடலையோடு உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து மின்னரைப்பானில் மசித்தோம். ஒலிவ எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் விட்டு, செத்தல் மிளகாயைப் பொரித்து மேலே நொறுக்கிப் போட்டோம். வாட்டிய பாணில் பூசி உண்டபோது இரவுச் சாப்பாடே தேவைப்படவில்லை. முதுமையில் பல்லுக்கும் இது இதம்.

"அப்ப இது எங்கட சாப்பாடோ?" என்றான் பேரன்.

"இல்லை மகன். கடலையே எங்களுக்கு விருந்தாளிதான். பாதை திறந்திருந்தால் வரும்" என்றேன்.

அவன் தலையசைத்துவிட்டுக் கிண்ணத்தை வழித்தான்.