காணிச் சட்டத்தில் ஒரு வினைச்சொல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்பர். அங்கே காட்டோரத்தில் அமைந்து, வடகீழ்ப் பருவ மழையைத் தேக்கி வயல்களுக்கு வழங்குவது உன்னிச்சைக் குளம். போடியாரும் முல்லைக்காரரும் வட்டைவிதானையும் வாழ்ந்த வேளாண் மரபு இப்பகுதிக்கு உரியது. இங்குள்ள உழவரிடம் ஒரு வயலைப் பற்றி வினவினால், விளைவைச் சொல்லுமுன்னர் அது 'உறுதிக் காணி'யா, 'பேர்மிட் காணி'யா என்பதைச் சொல்லிவிடுவர். உறுதிக் காணி தன் விருப்பம்போல் விற்கத்தக்கது. பேர்மிட் காணி அவ்வாறன்று. இவ்வேறுபாட்டின் வேரைத் தேடிச் செல்வோர் ஆங்கிலச் சட்டத்தின் வினைச்சொல் ஒன்றிலே போய் நிற்பர். 'ஏலியனேற்' என்பதே அச்சொல்.

ஆங்கிலம் பயிலும் மாணவன் இச்சொல்லைப் பெரும்பாலும் வேறொரு பொருளிலேயே முதலிற் சந்திக்கிறான். நண்பரைப் பகைத்துக்கொள்ளுதல், ஒருவர் மனத்தை விலகச் செய்தல் என்று அகராதி கூறும். அப்பொருளை மனத்திற் கொண்டு காணிச் சட்டத்தைத் திறப்பவன் திகைத்துப் போவான். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் நெடும்பெயரிலேயே இச்சொல்லின் பெயர் வடிவம் வருகிறது. முடிக்குரிய நிலத்தை முறைப்படி அபிவிருத்தி செய்தற்கும் 'ஏலியனேற்' செய்தற்கும் ஏற்பாடு செய்வதே அதன் நோக்கம் என அந்நெடும்பெயர் கூறுகிறது. நிலத்தை எவ்வாறு பகைத்துக்கொள்வது?

விடை இலத்தீன் மொழியில் இருக்கிறது. 'அலியேனுஸ்' என்றால் பிறனுக்கு உரியது என்பது பொருள். ஆகவே ஒரு பொருளைப் பிறனுடையது ஆக்குதல் சட்டப் பொருளாயிற்று. ஒருவர் மனத்தைப் பிறத்தியான் மனம்போல் ஆக்குதல் வழக்குப் பொருளாயிற்று. இரண்டையும் பிரித்தறியும் வழி இலக்கணத்திலே உண்டு. நிலம் ஒருவர்க்கு அளிக்கப்படும்போது நம் நான்காம் வேற்றுமைக்கு நிகரான 'டு' என்னும் இடைச்சொல் வரும். மனிதர் ஒன்றிலிருந்து பிரிக்கப்படும்போது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருளைத் தரும் 'ஃப்ரொம்' வரும். முன்னது கொடைப் பொருள். பின்னது பிரிவுப் பொருள். வினை ஒன்றே, வேற்றுமைதான் வேறு.

தமிழில் இதற்குச் சட்டத்துறையினர் 'பராதீனப்படுத்தல்' என்ற சொல்லை வழங்கினர். பர என்பது பிற. அதீனம் என்பது ஆட்சிக்கு உட்பட்டது. இலத்தீன் வேரின் பொருளைச் சற்றும் வழுவாமல் எடுத்துக்கொண்ட ஆக்கம் இது. ஆயினும் பொது வழக்கில் பராதீனம் என்பது சுவாதீனத்தின் எதிர்ச்சொல். பிறர் கைப்பட்டு வாழ்தலையே குறிக்கும். தனக்கு நிலம் கிடைத்தது என்று மகிழும் உழவனின் கையில், பராதீனம் என்று எழுதிய தாள் கொடுக்கப்பட்டது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையிற் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது அறிஞர் எதிர்கொண்ட இடர் இதுவே. சொல் பொருளைச் சரியாகத் தருவது ஒன்று. கேட்போர் மனத்தில் அது எழுப்பும் ஒலி மற்றொன்று.

இனி, நிலம் முடிக்கு உரியதானது எவ்வாறு என்பதையும் காண்டல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியேறாத, பயிரிடாத நிலமும், மாறாக நிறுவப்படும் வரை முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்று விதித்தது. உறுதி காட்ட இயலாத குடியானவர் அதனால் இடருற்றனர். கொடுக்கும் உரிமை இவ்வாறு முடியிடம் சேர்ந்த பின்னரே கொடுத்தல் என்னும் வினைக்கும் சட்டத்தில் இடம் பிறந்தது. 1920களில் மட்டக்களப்பில் அரசாங்க அதிபர் ப்ரேன் அவர்கள் குடியானவர் உடைமை முறையைச் சோதித்துப் பார்த்தார். 1927இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் ஆராய்வைத் தொடர்ந்து, விவசாய காணி அமைச்சராக விளங்கிய டி. எஸ். சேனநாயக்க அவர்களின் காலத்தில் 1935ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் உட்கருத்து நுட்பமானது. நிலமற்ற உழவனுக்கு நிலம் அளிப்பது ஒன்று. கடன்காரன் கையில் அதை அவன் இழந்துவிடாமற் காப்பது மற்றொன்று. ஆகவே அரசு நிலத்தைப் பராதீனப்படுத்தியது. பெற்றவனோ அனுமதியின்றி அதனை விற்கவும் ஈடு வைக்கவும் கூடாது என்று தடுக்கப்பட்டான். நிலம் துண்டாகாதபடி பின்னுரிமையாளரை நியமிக்கும் முறையும் வந்தது. அரசின் செயலுக்கு 'ஏலியனேற்' என்றும், உழவனின் செயலுக்கு 'டிஸ்போஸ்', அதாவது கையுதிர்த்தல் என்றும் சட்டம் பெரும்பாலும் வேறுபடுத்தி வழங்கிற்று. முதுசொம் என்றும் தேட்டம் என்றும் உடைமையைப் பகுத்து வாழ்ந்த மட்டக்களப்பு மக்களுக்கு, இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையாக வந்து சேர்ந்தது பேர்மிட் காணி.

கொடுப்பவர் யார் என்பது தீர்ந்தபின், யாருக்கு என்ற நான்காம் வேற்றுமை வினா எழுந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபின் கிழக்கிலங்கையில் அவ்வினா கூர்மை பெற்றது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க அவர்களும் செல்வநாயகம் அவர்களும் செய்த ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களில் நிலம் பராதீனப்படுத்தப்படுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உண்டு என ஏற்றது. 1958 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்க அவர்களுடன் ஏற்பட்ட உடன்பாடு வடக்கு, கிழக்கு மாகாணங்களில் முதலிடம் அவ்வம் மாவட்டத்து நிலமற்றோருக்கு என்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமோ, மாகாணத்திலுள்ள அரச காணியைப் பராதீனப்படுத்தலும் கையுதிர்த்தலும் மாகாண சபையின் ஆலோசனைப்படி சனாதிபதியால் நிகழும் என்று, இரு சொற்களையும் அருகருகே வைத்தது. அவ்வாலோசனை எத்துணைக் கட்டுப்படுத்தும் என்பது நீதிமன்றம் வரை சென்ற வழக்காயிற்று.

யாருக்கு என்ற வினாவுக்கு நேர்மையான விடை கிடையாத இடங்களில், அவ்வினைச்சொல்லின் மற்றப் பொருள் தானே வந்து புகுந்தது. நிலம் ஒருவர்க்கு அளிக்கப்பட்டபோது, அயலில் வாழ்ந்த மற்றொருவர் மனம் அரசிலிருந்து நீங்கிற்று. அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இரு பொருள்களும் கிழக்கு மாகாணத்தின் சரித்திரத்தில் ஒன்றையொன்று தொடர்ந்து நிகழ்ந்தன.

ஆதலின் படுவான்கரையின் மாணவன் இவ்வினையைப் பொருளோடு மட்டும் மனனம் செய்தல் போதாது. அதற்கு எழுவாய் யார், செயப்படுபொருள் எது, கொள்வோர் யார் என்று கேட்டுப் பழகுதல் வேண்டும். தந்தையின் பெட்டகத்தில் மடித்து வைத்த பேர்மிட்டை அவன் ஒருநாள் வாசித்துக் காட்ட நேரும். தந்தைக்குப் பின் அந்நிலம் யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அன்று அவன் வாயிலாகவே வீட்டார் அறிந்துகொள்வர்.