வலிப்பு மருந்தும் இரு சட்டங்கள் வளர்த்த மௌனமும்

2008 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், வலிப்பு மருந்துகள் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என எச்சரித்தது. 11 மருந்துகள் குறித்த 199 சோதனைகளின் தொகுப்பே அதற்கு அடிப்படை. பின்னர் மருந்துத் தாள்களில் அச்சேறிய கணக்கின்படி, மருந்து உட்கொண்டோரில் 0.43 விழுக்காட்டினருக்கும் போலி மாத்திரை உட்கொண்டோரில் 0.24 விழுக்காட்டினருக்கும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ இருந்தது. அதாவது, ஏறத்தாழ 530 பேருக்கு ஒருவர் கூடுதல்.

இது காலந்தாழ்ந்த கண்டுபிடிப்பு. பினோபார்பிட்டல் 1912 முதல் வழக்கிலுள்ளது. அம்மருந்தை உட்கொண்ட சிறாரிடம் மனச்சோர்வு மிகுந்திருந்ததை 1987இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. வலிப்பு நோயே மனச்சோர்வைக் கொணரக்கூடியது. ஆகவே மருந்தின் பங்கைப் பிரித்தறிதல் எளிதாக இருக்கவில்லை.

இந்தியாவில் இதைச் சட்டமும் மறைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், மீண்டும் மீண்டும் வலிப்பு வருவோர் இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணம்புரியத் தகுதியற்றவர் என்றது. நோயைச் சொன்னால் மணவாழ்வுக்கு ஆபத்து. முயற்சியைச் சொன்னால் சிறைக்கு ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையில் நின்ற நோயாளி மருத்துவரிடம் மனம் திறப்பார் என எவ்வாறு எதிர்பார்ப்பது?

இக்கேள்வி புதிய, விலையுயர்ந்த மருந்துகளை மட்டும் சார்ந்ததன்று. கர்நாடகத்தின் எளந்தூர்ப் பகுதியில் மருத்துவர் கே. எஸ். மணி குழுவினர் நடத்திய ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மலிவான பினோபார்பிட்டலும் பினிடாயினும் சிற்றூர்களில் வலிப்பைக் கட்டுப்படுத்த வல்லவை என அது காட்டியது. உயிர்காக்கும் அதே மாத்திரையைத் தரும் கையே மனநிலையையும் விசாரிக்க வேண்டும் என்பதே இங்குள்ள பாடம்.

வலிப்பு என்ற சொல் 1999இல் திருமணச் சட்டத்திலிருந்து நீங்கியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருதி, தண்டனையினின்று விலக்கியது. சட்டத்தின் தடைகள் தளர்ந்தன. பழகிய மௌனம் அவ்வளவு விரைவில் தளராது.

எச்சரிக்கையைக் கேட்டு அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஊறு. அது இடைவிடாத வலிப்பில் முடியலாம். மருந்து தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே மனமாற்றத்தைக் கவனிப்பதும், தயங்காமல் மருத்துவரிடம் சொல்வதும், தேவையெனில் மாற்று மருந்து பெறுவதுமே தக்க வழி. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல உதவி கிடைக்கும்.