பெயரில்லாத பனை

சோளிங்கர் பக்கத்தில் பனை என்றால் ஒரே மரம்தான். நுங்கு, கள், ஓலை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலும் பனையிலிருந்துதான் வருகிறது என்றால் 'அதுல ஏதுப்பா எண்ணெ?' என்பார்கள். நியாயமான கேள்வி. இது மேற்கு ஆப்பிரிக்கப் பனை. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்கிறார்கள். நம்மிடம் எண்ணெய்க்குப் பெயர் உண்டு, மரத்துக்கு இல்லை. சரக்கு வந்து சேரும்போது அதன் உழைப்பு அழிந்துபோவதன் அடையாளம் இது.

பழத்தின் சதையில் ஓர் எண்ணெய், கொட்டைப் பருப்பில் இன்னொன்று. சதை எண்ணெய் சமையலுக்கு, பருப்பு எண்ணெய் பெரும்பாலும் சோப்புக்கு. சன்லைட் சோப்பு விற்ற லீவர் கம்பெனிக்கு 1911-ல் பெல்ஜிய அரசு காங்கோவில் பெரும் நிலப்பரப்பை ஒதுக்கியது. மரமேறிக் குலை வெட்டக் கட்டாயமாக ஆள் பிடித்தார்கள். 1931-ல் வரியும் குலை விலைக் குறைப்பும் தாங்காமல் பெண்டே மக்கள் கலகம் செய்தபோது படை வந்து சுட்டு ஒடுக்கியது. 'சுத்தம்', 'நாகரிகம்' என்ற சொல்லாடலின் நுரைக்குள் இதுவும் இருக்கிறது.

மலாயாவில் 1917-ல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகச் சாகுபடி தொடங்கியது. கங்காணி வழியாகப் போன நம் சனங்களுக்கு முதலில் பால்மரம்; 1960-களிலிருந்து ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை. அங்கே மகரந்தம் சேர்க்கும் பூச்சி போதவில்லை. 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விடும்வரை கூலியாட்களின் கைதான் பூவுக்குப் பூ மகரந்தம் தூவியது. வண்டு அறிவியல் வரலாற்றில் ஏறிவிட்டது, கை ஏறவில்லை. பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தமிழச்சிகள் ஏராளம். மலேசியா அதை 2002-ல் தடைசெய்து, 2006-ல் தளர்த்தி, 2020-ல்தான் மறுபடி நிறுத்தியது. இடைப்பட்ட வருஷங்களில் சேதப்பட்டவை யாருடைய உடல்கள்?

வட ஆற்காடு மானாவாரி மல்லாட்டை விளைந்த பூமி. 1994-ல் பாமோலின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 65 சதவீத வரி 1998-ல் 15 ஆனது. மல்லாட்டை போட்டவன் மலேசியத் தோட்ட முதலாளியோடு போட்டி போட வேண்டியதாயிற்று. 2007-ல் தமிழக அரசு சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயிலைச் சேர்த்தது.

ஆனாலும் இதை வெறும் சதி என்று சொல்ல எனக்கு மனசில்லை. விடியலில் ஷூ கம்பெனிக்கு ஓடுகிற பெண்ணின் வாணலி இதில்தான் காய்கிறது. 'பாமாயிலா? அய்யே' என்று முகம் சுளித்துச் செக்கெண்ணெய்ப் புனிதம் பேசுகிறவர்களிடம் வர்க்கமும் சாதியும் சேர்ந்தே மணக்கின்றன. அவர்கள் தின்கிற பிஸ்கட்டிலும் போட்டுக் குளிக்கிற சோப்பிலும் இதே மரம்தான். பிஸ்கட் லேபிளில் முன்பெல்லாம் 'தாவர எண்ணெய்' என்று போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.