அபார்ட்ஹெய்ட்

ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். 'அபார்ட்' என்றால் தனியாக. 'ஹெய்ட்' தன்மையைக் குறிக்கும் விகுதி. தமிழில் இன ஒதுக்கல் என்கிறோம். 1948-இல் தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அரசின் கொள்கையே இதுவானது. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த குழந்தை முதல் எல்லோரையும் இனவாரியாகப் பதியச் சொன்னது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் இல்லை. உடன்பிறந்தவர்களே வெவ்வேறு இனமாகப் பதிவான கொடுமையும் நடந்தது.

ஒவ்வோர் இனமும் தன் போக்கில் தனியே வளரட்டும் என்பதுதான் ஆட்சியாளர்கள் சொன்ன நியாயம். பச்சைப் பொய். பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்குச் சட்டம் ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு. பிழைக்க வழியற்றவர்கள் சுரங்கத்துக்கு அற்பக் கூலிக்கு வந்தாக வேண்டும். அத்தனை ஆண்டு இன ஒதுக்கல் நிலைத்ததற்குக் காரணம் வெறுப்பு மட்டுமல்ல, அதில் கிடைத்த லாபமும்தான். டர்பனில் கேட்டோ மேனரில் வாழ்ந்த தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்களும் பிடுங்கப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றப்பட்டார்கள். பதிவுச் சட்டம் 1991-இல் ரத்தானது. ஆனால் இன ஒதுக்கல் பிரித்துப்போட்ட குடியிருப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.