ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

வேதியியலில் நெடுங்காலம் ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் வழங்கி வந்தன. 1787-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கிதோன் த மோர்வோ, லவாய்சியர், பெர்த்தோலே, ஃபூர்க்ருவா என்னும் நால்வர் சேர்ந்து, ஒரு பொருளில் அடங்கியுள்ள தனிமங்களைக் காட்டும் வகையில் முறையான பெயர்களை வகுத்து வெளியிட்டனர். அதுவரை 'விட்ரியால் எண்ணெய்' எனப்பட்டது கந்தக அமிலம் ஆயிற்று. இதே இடர்ப்பாடு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கணிப்பொறித் திரையிலும் தலைகாட்டியது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

கணிப்பொறித் திரையில் சாளரம், பொத்தான், பட்டியல் முதலியவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். இவற்றை ஒவ்வொரு புரோகிராமரும் புதிதாகச் செய்வதில்லை. ஆயத்தமாகச் செய்து வைத்த உறுப்புகளின் தொகுதி ஒன்று இருக்கிறது. வீடு கட்டுபவர் கதவையும் நிலையையும் கடையில் வாங்கிப் பொருத்துவதைப் போல, புரோகிராமர் அவ்வுறுப்புகளை எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். எந்த உறுப்பு என்ன செய்யும் என்பதைக் கையேடு சொல்லுகிறது. அந்தக் கையேட்டை எழுதியவரை அவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. இருவருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் சொல்தான்.

தொடக்கத்தில் பெயர்கள் மனம்போனபடி வைக்கப்பட்டன. 1968 டிசம்பர் 9-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோவில் 'மவுஸ்' என்னும் கருவியை இயக்கிக் காட்டினார். திரையில் அதனுடன் நகரும் புள்ளியை அவருடைய குழுவினர் 'பக்', அதாவது பூச்சி என்று அழைத்தனர். ஆனால் புரோகிராமில் உள்ள பிழைக்கும் 'பக்' என்பதே பெயர்! மவுஸ் என்ற பெயர் நிலைத்தது, பூச்சி நிலைக்கவில்லை.

மூன்று சொற்களின் கதை

1979-இல் நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காவ், கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் தங்கிப் பணியாற்றினார். திரையை இயக்கும் புரோகிராமைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. செய்தியைத் தாங்கி நிற்பது ஒரு கூறு. அதைத் திரையில் காட்டுவது இன்னொரு கூறு. பயன்படுத்துவோரின் கட்டளையை ஏற்பது வேறொரு கூறு. அவ்வாண்டு மே மாதக் குறிப்பில் 'மாடல்', 'வியூ', 'எடிட்டர்' என்ற பெயர்கள் காணப்படுகின்றன. அடேல் கோல்ட்பர்க் என்ற அறிவியலாளரோடும் பிறரோடும் நீண்ட நேரம் விவாதித்த பின், டிசம்பர் மாதக் குறிப்பில் 'எடிட்டர்' இருந்த இடத்தில் 'கன்ட்ரோலர்' வந்து அமர்ந்தது. நல்ல பெயர்களைக் கண்டுபிடிப்பதே மிகக் கடினமாக இருந்தது என்று பின்னாளில் ரீன்ஸ்காவ் எழுதினார்.

அவ்வளவு உழைத்து வைத்த பெயரும் தன் பொருளைக் காத்துக்கொள்ளவில்லை. 'ஸ்மால்டாக்-80' முறையில் கன்ட்ரோலர் என்றால் மவுஸையும் விசைப்பலகையையும் கவனிக்கும் கூறு. 2008-இல் ஐபோன் புரோகிராமர்களுக்கு வழங்கப்பட்ட தொகுதியிலோ, மாடலுக்கும் வியூவுக்கும் நடுவில் நின்று இரண்டையும் இணைப்பது கன்ட்ரோலர். சொல் ஒன்று; வேலை வேறு. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவன் குழம்புகிறான். நூலைக் குறை சொல்லாமல் தன் அறிவையே குறை சொல்லிக்கொள்கிறான்.

இதற்கு நேர்மாறான வழியைப் பின்பற்றியவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1984-இல் 'எக்ஸ்' என்ற சாளர முறை தோன்றியது. அதற்கான உறுப்புத் தொகுதியைப் பற்றி 1988-இல் ஸ்விக், அக்கர்மன் என்போர் ஓர் ஆய்வுரை வழங்கினர். திரை உறுப்புக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'விட்ஜெட்'. வழக்கிலுள்ள பிற சொற்கள் யாவும் ஏற்கெனவே பொருந்தாத பொருள்களைச் சுமந்து நின்றமையால் இதைத் தேர்ந்ததாக அவர்களே காரணம் கூறினர். ஆனால் அதே எக்ஸ் முறையில் 'சர்வர்' என்பது எங்கோ தொலைவில் உள்ள பெரிய இயந்திரம் அன்று. உங்கள் மேசைமீதுள்ள திரையை இயக்கும் புரோகிராமே சர்வர்! புதிதாகக் கற்பவர்கள் இங்குத் தடுமாறுவதில் வியப்பில்லை.

கையேட்டாசிரியரின் கேள்வி

1985-இல் வெளிவந்த 'இன்சைடு மக்கின்டாஷ்' என்னும் கையேட்டின் முதல் மூன்று தொகுதிகளைப் பதிப்பித்தவர் கரோலின் ரோஸ் என்ற பெண்மணி. அவருக்கு ஒன்று விளங்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் அமைப்பிலேயே இருக்கும் என்பதைத் தாம் விரைவில் உணர்ந்ததாக மக்கின்டாஷை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியுள்ளார். அவர் கூர்மையான ஒரு கேள்வி கேட்டால், "நாளை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இவர் புரோகிராமையே திருத்தி வைத்ததும் உண்டு. ஒரு பொருளைத் தெளிவாகப் பெயரிட்டு விளக்க இயலவில்லை என்றால், அப்பொருளே சரியாக அமையவில்லை எனலாம் அன்றோ?

பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'கூறியது கூறல்' நன்னூல் காட்டும் பத்துக் குற்றங்களுள் ஒன்றுதான். ஆனால் 'மயங்க வைத்தல்' என்பதும் அதே பட்டியலில் உள்ளது. முதல் பக்கத்தில் 'சாளரம்' என்றும், பத்தாம் பக்கத்தில் 'ஜன்னல்' என்றும், இருபதாம் பக்கத்தில் 'பெட்டி' என்றும் எழுதினால் நடை அழகாகத் தோன்றலாம். படிப்பவரோ மூன்று வேறு பொருள்கள் இருப்பதாக எண்ணுவார். கையேட்டில் சொல் மாறினால் பொருளும் மாறியிருக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எழுதத் தொடங்குமுன் ஒரு சொற்பட்டியலை அமைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல்லைத் தேர்ந்து, ஒரு வரியில் அதன் பொருளை எழுதுங்கள். விலக்க வேண்டிய சொற்களையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். எழுதி முடித்ததும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் உழைப்பு இது. முகம் தெரியாத ஒரு மாணவன் தன் அறிவின்மீது ஐயம் கொள்ளாமல் இருக்க இது உதவும்.