மூன்று பெயர்களும் என் பெரியம்மையும்

விலங்கியல் வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்று பெயர்கள் நினைவிருக்கிறதா தோழிகளே? ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடையால், ஈஸ்ட்ரியால். பரீட்சை முடிந்ததும் நான் மறந்துவிட்டேன். அதே வருஷம் மார்கழிப் பனியில், புதூர் வீட்டுத் திண்ணையில் என் பெரியம்மை முந்தானையால் விசிறிக்கொண்டு, "ஒடம்பெல்லாம் தீயா எரியுது தாயி" என்று உட்கார்ந்திருந்தாள். தீட்டு நிற்கிற வயசு. பாடத்தையும் பெரியம்மையையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஈஸ்ட்ரோன். 1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டநான்ட்டும் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து தனித்தனியே எடுத்தார்கள். 1930இல் லண்டனில் மேரியன் ஈஸ்ட்ரியாலைக் கண்டார். மூன்றில் வலுவானது ஈஸ்ட்ரடையால். அதற்காக டாய்சி குழுவினர் சுமார் 4 டன் பன்றிச் சினைப்பைகளை அரைத்தார்கள். கிடைத்தது 12 மில்லிகிராம்! நம்மூர் நகைக்கடைத் தராசுகூட அசையாது.

மாதவிலக்கு உள்ளவரை சினைப்பை சுரப்பது முக்கியமாக ஈஸ்ட்ரடையால். ஈஸ்ட்ரியால் கர்ப்பகாலத்தில் பெருகுவது. சினைப்பை ஓய்ந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் கொழுப்பில் உண்டாகும் ஈஸ்ட்ரோன். இந்த இறக்கத்தில்தான் பெரியம்மையின் எரிச்சலும் வியர்வையும். எலும்பும் மெல்லத் தேய்கிறது.

1942இல் அமெரிக்காவில், சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து தயாரான மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1966இல் டாக்டர் ராபர்ட் வில்சன், மாதவிலக்கு நிற்பதையே குறைபாட்டு நோய் என்று புத்தகம் எழுதினார். விற்பனை பறந்தது. 1975இல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்தது. புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2002 ஜூலையில், 16,608 பெண்களிடம் அந்தக் கூட்டு மருந்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வு பாதியில் நின்றது. மார்பகப் புற்றுநோய் கூடியதாம். உலகமே மாத்திரையைத் தூக்கியெறிந்தது.

நம் வகுப்புத் தோழி ஒருத்தியும்தான். 38 வயசில் அவளுக்குக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். ஈஸ்ட்ரடையால் மெல்ல இறங்கவில்லை, ஒரேயடியாக விழுந்தது. பேப்பரில் செய்தி பார்த்து, 40 வயசில் மாத்திரையை நிறுத்தினாள். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயசு 63. அவள் சாப்பிட்டதோ ஈஸ்ட்ரோஜன் மட்டும். அந்த மருந்தைத் தனியே சோதித்த ஆய்வு 2004இல் நின்றது. பக்கவாதம் கூடியதே தவிர, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. விலங்கியல் படித்த நானும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து, வாசல் தெளிக்கையில் வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு ஒடிந்தது. "சும்மா ஊனினதுக்கே ஒடிஞ்சிருச்சுடி" என்று போனில் சிரித்தாள்.

இந்தச் சந்திப்புக்கு அவளும் வருகிறாள். ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி, எடுத்தது கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பையுமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசலாம்.